சுபேதார் கல்லறையைத் திறக்கிறார்கள்

கடப்பாரை கல்லில் விழுந்ததும் என் தோள் இரண்டும் தானாக மேலே ஏறிக்கொள்கின்றன. வெட்கக்கேடு. பேரன் பேத்தி எடுத்தாயிற்று, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி மேய்த்தாயிற்று, இன்னும் எங்கேயாவது டம் என்று சத்தம் கேட்டால் இந்த உடம்பு குறுகிக்கொள்கிறது. அடிப்பது சந்தியாகு, இந்தக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவன். அடி வாங்குவது அப்பா. அப்பா இல்லை, அப்பாவின் மேல் கிடக்கும் கறுப்புப் பலகை. அதில் குறுக்காக இரண்டு துப்பாக்கி செதுக்கி, போர்க்களத்தில் எதிரிகளைத் தன்னந்தனியாக எதிர்கொண்டு வீர சக்கரம் பெற்ற மாவீரர் சுபேதார் மரியசூசை என்று பொன் எழுத்தில் போட்டிருக்கிறது. அடிக்கட்டும். நன்றாக அடிக்கட்டும். இப்படி நினைக்கக் கூடாது, வீட்டில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அம்மா கிடக்கிறாள், சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், வந்து இந்தக் குழிக்குள்தான் இறக்குவார்கள். எங்கள் பங்குக் கோயிலில் அப்படித்தான். தோட்டம் நிறைந்து வெகுகாலம் ஆயிற்று, புதுக் குழிக்கு இடம் கிடையாது, குடும்பத்தில் அடுத்து யார் செத்தாலும் பழைய குழியைத்தான் திறக்க வேண்டும், அதே இடத்தில் புதுப் பெட்டியை வைக்க வேண்டும். புருசன் குழியில் பெண்டாட்டி. ஊரில் எல்லோருக்கும் அதுதான், யாரும் அதைப் பற்றி யோசிப்பதுகூட இல்லை. அம்மா யோசித்திருக்கிறாள். போன வாரம் ஆஸ்பத்திரியில் என் முந்தானையைப் பிடித்து இழுத்துத் தெளிவாகத்தான் சொன்னாள்: "ஜெசிந்தா, என்னைய அவரோட ஒரே குழியில போட்டுறாதடி." நானும் தலையை ஆட்டினேன். ஆட்டின தலைக்கு இப்போது வேலை வந்திருக்கிறது. பலகை எழும்புவதற்குள் நான் வாயைத் திறக்க வேண்டும். திறந்து என்ன சொல்வது, அவளை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது, அதுதான் தெரியவில்லை.

மறுபடியும் டம். சிமெண்ட் பூச்சு சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது, ஒரு சில்லு என் கணுக்காலில் பட்டு எரிகிறது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா," என்கிறான் சந்தியாகு. தள்ளி நிற்பதற்கு எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் முதலில் படித்த பாடமே அதுதான். அப்பா லீவில் வந்திருக்கும்போது மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுப்பார், அவரை எழுப்ப வேண்டுமென்றால் யாரும் பக்கத்தில் போகக் கூடாது, ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு வாசப்படியில் நின்று, கம்பின் நுனியால் உள்ளங்காலைத் தொட்டுவிட்டு, கம்பைப் போட்டுவிட்டு ஓடிவிட வேண்டும். மற்ற வீடுகளில் ஒட்டடைக் கம்பு ஒட்டடை அடிக்கத்தான் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை, எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ, யாரோ விருந்தாளி வந்துவிட்டார்கள் என்று அம்மா அவசரத்தில் காபித் தம்ளரோடு நேராகப் போய்க் குனிந்து, என்னங்க என்று தோளைத் தொட்டுவிட்டாள். அவ்வளவுதான். கண்ணைத் திறக்காமலே அவள் கொண்டையைப் பிடித்துச் சுழற்றிச் சுவரில் மோதினார். காபி சுவரெல்லாம் வழிந்தது. இந்தியில் ஏதோ கத்திக்கொண்டே மறுபடியும் மோதினார், அந்தச் சத்தம், தேங்காய் உடைத்தால் வருமே, அந்தச் சத்தம். விருந்தாளி செருப்பைக்கூடப் போடாமல் ஓடிப்போனார். பிறகு விழிப்பு வந்து, சரிந்து கிடந்தவளைப் பார்த்து, மடியில் தூக்கிப்போட்டுக்கொண்டு அப்பா கேட்டார்: "யாருடி உன்னை அடிச்சா? சொல்லு, யாரு?" அம்மாவுக்கு அன்றோடு இடது காது போனது.

இதோ அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் கேப்டன் பாக்கியநாதன் ஆரம்பித்துவிட்டார். ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குத் தலைவர். வருடா வருடம் வெற்றி நாளில் இந்தக் கல்லுக்கு மாலை போட்டு, பியூகிள் ஊதி, விறைத்து நின்று சல்யூட் அடிக்கிறவர். அண்ணன் ராயப்பனிடம், அவனுக்கு மனப்பாடமான கதையையே புதிதாகச் சொல்வதுபோலச் சொல்கிறார். "எழுபத்தொன்னு சண்டையில சூசை அண்ணன் எதிரி பதுங்கியிருந்த பங்கருக்குள்ள குதிச்சப்ப துப்பாக்கில குண்டே கிடையாது ராயப்பா. வெறும் பயனெட், முனையில மாட்டுற கத்தி, அவ்வளவுதான். உள்ள நாலு பேரு. இருட்டு. ஒருத்தனும் வெளிய வரலையே!" ராயப்பன் தலையை ஆட்டுகிறான். ஊரே இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அப்பாவை மேடையில் உட்கார வைத்து இதைச் சொல்வார்கள், பிள்ளைகள் கை தட்டுவார்கள், நானும் தட்டியிருக்கிறேன், உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டியிருக்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பங்கரிலிருந்து அப்பாவும் வெளியே வரவில்லை என்பதை எந்த மேடையில் சொல்வது? நாலு பேரையும் அவர் கூடவே கூட்டிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் படுக்க வைத்தார். தூக்கத்தில் அடித்ததை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். அது அந்தச் சண்டை செய்த வேலை. முழித்துக்கொண்டு அடித்தது இருக்கிறதே, ரசத்தில் புளி தூக்கலாக இருந்ததற்கு, தபால்காரரிடம் சிரித்துப் பேசியதற்கு, மேடையில் யாரோ அவர் பெயரைத் தப்பாகச் சொன்னதற்கு வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றியது, அது யார் செய்த வேலை? அம்மா, ஊருக்கு அவள் சலேத்து, முகம் வீங்கித் தண்ணிக்குப் போவாள். கிணத்தடியில் வழுக்கிவிட்டது என்பாள். சலேத்துக்கு மட்டும் எப்படித்தான் வழுக்குதோ என்று பெண்கள் கண்ணடித்துச் சிரிப்பார்கள். எல்லோருக்கும் தெரியும். மெடல் வாங்கினவர் கை அல்லவா, அதைக் கை என்று சொல்ல ஊருக்கு வாய் வரவில்லை.

டம். டம். இப்போது சத்தம் மாறிவிட்டது, உள்ளே கூடாகக் கேட்கிறது. அப்படியானால் பலகை விட்டுக்கொடுக்கிறது. உள்ளே எப்படி இருப்பார்? அப்படியே இருந்தால்? சில புனிதர்களின் உடல் அழியாமல் இருக்குமாம், சிறு வயதில் ஞாயிறு மறைக்கல்வியில் சொன்னார்கள், அப்போதே எனக்கு அது அற்புதமாகப் படவில்லை, பயமாகத்தான் பட்டது. மாவீரர் என்பதற்காகக் கடவுள் இவரையும் அழியாமல் வைத்திருந்து, பலகையைத் தூக்கியதும் அந்தப் பச்சை உடுப்போடு, மீசையோடு, கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் மேலே நீட்டி சந்தியாகின் தலைமுடியைப் பிடித்தால்? சிரிப்பு வருகிறது. "சந்தியாகு, உனக்குப் பயமே கிடையாதாப்பா?" என்று கேட்கிறேன், வாயைத் திறந்ததே அதற்குத்தான் என்பதுபோல. அவன் கைலியை ஏற்றிக் கட்டுகிறான். "என்னத்துக்கும்மா பயம்? உள்ள எல்லாம் காஞ்ச வெறகுதான். பாம்பு கெடந்தாத்தான் பயம்." எச்சிலைத் துப்பிவிட்டு மறுபடியும் கடப்பாரையை ஓங்குகிறான். அதைப் பிடுங்கி நான் இரண்டு போடு போட்டால் என்ன என்று கை துடிக்கிறது. எனக்கு அந்தக் கை இருக்கிறது, எனக்கே தெரியும். பத்தொன்பது வயதில் ஒருநாள், அப்பா அம்மாவைக் கழுத்தைப் பிடித்து அடுப்பங்கரைச் சுவரில் சாத்தி வைத்திருந்தபோது, நான் தேங்காய் வெட்டுகிற அரிவாளை எடுத்துவிட்டேன். ஓங்கியும்விட்டேன். அவர் முதுகு எனக்கு நேராக இருந்தது, வியர்வையில் பனியன் ஒட்டியிருந்தது, எங்கே போட வேண்டும் என்றுகூட இடம் பார்த்தாயிற்று. அவர் பிடிக்குள்ளிருந்து அம்மாதான் என்னைப் பார்த்தாள். மூச்சு முட்ட முட்டக் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவர் விட்டபிறகு என்னை அறைந்தாள், "அவரு என் புருசன்டி" என்று சொல்லிச் சொல்லி அறைந்தாள். அந்த அறையும் இன்றைக்கு வரைக்கும் வலிக்கிறது, அரிவாளைக் கீழே போட்டதும் வலிக்கிறது.

அவள் அவரை விரும்பினாளா, அதுவும் எனக்குத் தெரியவில்லை. மாதம் தவறாமல் அந்த மெடலை எடுத்துப் பல்பொடி போட்டுத் தேய்த்து, பழைய பட்டுத் துணியில் துடைத்து, பெட்டிக்குள் வைப்பாள். சில மத்தியானம் அப்பா கட்டிலுக்கு அடியில் புகுந்து சுருண்டுகொண்டு நடுங்குவார், அப்போது இவளும் அடியில் தவழ்ந்து போய்ப் பக்கத்தில் கிடப்பாள், ஒன்றுமில்லைங்க, வீடுங்க, நம்ம வீடுங்க என்று சொல்லிக்கொண்டே கிடப்பாள். அப்படிக் கிடந்தவள்தான் ஆஸ்பத்திரியில் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஏம்மா, செத்தபிறகு என்ன இருக்கு, அவரு என்ன செய்யப் போறாரு என்று நான் கேட்டேன், பெரிய அறிவாளிபோல. "உனக்குத் தெரியாதுடி. மண்ணுக்குள்ளயும் அவருக்குக் கனவு வரும். நான் பக்கத்துல படுக்க மாட்டேன்," என்றாள். சொல்லிவிட்டு மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவை இங்கே அடக்கம் பண்ணினபோது வானத்தைப் பார்த்துச் சுட்டார்களே, ஒவ்வொரு வெடிக்கும் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது, பாவம் துக்கம் தாங்கலை என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர்கள் இன்னும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, ஓரமாகத் தலையணையைப் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துத் தூங்கினாள். அவள் அப்படித் திரும்பிப் படுத்து நான் அதுவரை பார்த்ததில்லை. குறட்டைகூட விட்டாள். அந்தத் தூக்கத்தை நான் அவளுக்குக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும், வேறு ஒன்றும் அவள் என்னிடம் கேட்டதே கிடையாது.

போய்ச் சொல்லிவிடுகிறேன். கால் நடக்கிறது, வேப்பமரத்தடிக்கு வந்தாயிற்று. "அண்ணே, அம்மாவை இதுல வைக்க வேணாம்." ராயப்பன் போனிலிருந்து கையை எடுக்காமலே என்னைப் பார்க்கிறான். நேற்றும் சொன்னேன், காய்ச்சலில் அம்மா உளறியிருக்கும் என்றான். "ஜெசிந்தா, கல்லை ஒடைச்சாச்சு. இப்ப வந்து ஆரம்பிக்காத. வேற எங்க வைக்கச் சொல்ற? ரோட்டுலயா?" நியாயமான கேள்விதான், அதனால்தான் எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போல இருக்கிறது. கேப்டன் குறுக்கே வருகிறார், சாந்தமாக, மாலை போடும்போது வைத்துக்கொள்ளும் அதே முகத்தோடு. "ஏம்மா, மாவீரன் பக்கத்துல படுக்குற பாக்கியம் எல்லாருக்கும் கெடைக்குமா? அண்ணி குடுத்து வச்சவங்க." குடுத்து வைத்தவள். எவ்வளவு கொடுத்து வைத்தாள் என்று காதைக் காட்டச் சொல்லவா, கழுத்தெலும்பைக் காட்டச் சொல்லவா, எல்லாம் பெட்டிக்குள் குளிர்ந்து கிடக்கிறதே. ராயப்பனின் வலதுகைச் சுண்டுவிரல் இன்னும் வளைந்துதான் இருக்கிறது, அப்பா கதவில் வைத்து நசுக்கியது, அதே கையால்தான் இப்போது போனில் ஃபிளெக்ஸ் கடைக்காரனுக்கு வாசகம் தட்டிக்கொண்டிருக்கிறான், மாவீரர் மரியசூசையின் மனைவி சலேத்தம்மாள் என்று. அடித்தது ஒரு வீரர் கை என்றால் இவனுக்கு வலி கொஞ்சம் குறைகிறதோ என்னவோ. இவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, இரக்கம்தான், இரக்கமும் கோபமும் ஒரே இடத்தில்தான் சுடுகிறது. "குழி தெறக்கையில ஆம்பளதான் நிக்கணும், நீ போய் நில்லேன்," என்கிறேன். "எனக்கு பிரஷர் இருக்கு, நீ நின்னுக்க," என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

சந்தியாகும் கூட வந்த இரண்டு ஆட்களும் பலகையை நெம்பிவிட்டார்கள். கல் கல்லின்மேல் உரசுகிற சத்தம் பல்லைக் கூச வைக்கிறது. பாதி துப்பாக்கி ஒரு பக்கமும் பாதி இன்னொரு பக்கமுமாகப் பலகை இரண்டாக உடைந்து கிடக்கிறது. மண்ணைத் தள்ளத் தள்ள வாடை ஒன்றும் இல்லை, மழை பெய்து ஓய்ந்த மண் வாடைதான், நான் மூக்கைப் பொத்தினது வீண். பெட்டி மக்கிப்போய்விட்டது. சந்தியாகு உள்ளே இறங்கி மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் துழாவுகிறான். ஒரு பித்தளைப் பொத்தான். இன்னொன்று. பிறகு எலும்பு, தேக்கு நிறத்தில். எட்டிப் பார்க்கிறேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. இவ்வளவுதானா? எங்கள் வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த ஆள், கதவு நிலையில் தலை இடிக்கும் என்று குனிந்து வருகிறவர், ஒரு சாக்குக்கு வருவாரா என்றே தெரியவில்லை. கையைத் தேடுகிறேன். சின்னச் சின்ன எலும்பாகச் சிதறிக் கிடக்கிறது, வலது எது இடது எது என்று பிரிக்க முடியவில்லை. பங்கருக்குள் பயனெட்டைப் பிடித்த கை, கொண்டையைப் பிடித்த கை, கட்டிலுக்கு அடியில் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடுங்கிய கை, எல்லாம் மண்ணோடு கலந்து கிடக்கிறது. அப்பா என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், மனசுக்குள்தான். அழுகை வருகிறது. அவருக்காகத்தான் வருகிறது, எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

சந்தியாகு ஒரு வெள்ளைத் துணியை விரித்து எலும்புகளை அள்ளி வைக்கிறான். மண்டையோட்டை எடுத்து மண்ணை ஊதிவிட்டு மேலே வைக்கிறான். நிமிர்ந்து, நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்துக்கொண்டு, எல்லாக் குடும்பத்திடமும் கேட்கிற மாதிரியே என்னிடம் கேட்கிறான்: "என்னாங்கம்மா, மூட்டையா முடிஞ்சு புதுப் பெட்டி தலமாட்டுல வைக்கவா, இல்ல கெணத்துல போட்டுரவா?" கேப்டன் பாய்ந்து வருகிறார். "டேய்! யாருகிட்ட என்னடா கேக்குற? அது யாருன்னு தெரியுமாடா?" சந்தியாகு நாக்கைக் கடித்துக்கொள்கிறான். "வாய்ப் பழக்கம் சார். குழியில நிக்கிறவங்களக் கேக்கணுமில்ல." மூலைச் சுவரோரம் மூடி போட்ட எலும்புக் கிணறு இருக்கிறது. கேட்பாரற்ற எலும்பு, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற வீட்டு எலும்பு, கூட வைக்கப் பிடிக்காத எலும்பு எல்லாம் அதற்குள்தான் போகும். போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அங்கேயும் சாமியார் தீர்த்தம் தெளிக்கிறார். நேற்றிலிருந்து நான் அம்மாவுக்கு வேறு இடம் தேடித் தேடி மண்டை காய்ந்துகொண்டிருக்கிறேன், அவள் ஏன் போக வேண்டும், எப்போதும் அவளே ஏன் ஒதுங்க வேண்டும், இது எனக்குத் தோன்றவே இல்லையே, என் புத்தியும் இந்த ஊர்ப் புத்திதானே. "கெணத்துல போட்டுரு," என்கிறேன்.

ஒரே சத்தம். கேப்டனின் குரல் உடைகிறது. "வீர சக்கரம் வாங்குனவரை அநாதைக் கெணத்துலயா? பொம்பளையா நீ? நான் விட மாட்டேன்!" அவர் கையை ஓங்குகிறாரா, விரலைத்தான் நீட்டுகிறாரா, எனக்குப் பார்க்க நேரமில்லை. ராயப்பன் ஓடி வருகிறான், பிரஷர் எங்கே போனதோ. "ஜெசிந்தா, அவரு நம்ம அப்பாடி. தலமாட்டுல வைக்கச் சொல்லு. சந்தியாகு, தலமாட்டுல வை." நான் குழிக்குள் குனிந்து துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறேன். "நீ எறங்கு. தலமாட்டுல வைக்கணும்னா நீயே எறங்கி ஒங்கையால எடுத்து வை. அம்மா தலைக்குப் பக்கத்துல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." ராயப்பன் குழியின் விளிம்புக்கு வருகிறான். ஒரு காலை வைக்கிறான். உள்ளே பார்க்கிறான். துணிமேல் இருந்த தலை அவன் பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. அறுபது வயது ஆள், மருமகன் எடுத்தவன், அவன் முகத்தில் அந்தக் கதவிடுக்குப் பையன் வந்து நிற்பதை நான் பார்க்கிறேன். காலை எடுத்துக்கொள்கிறான். கேப்டன் அவன் தோளை உலுக்குகிறார், "எறங்குடா, ஒங்கப்பன்டா!" ராயப்பன் அவர் கையைத் தட்டிவிட்டு மண்மேட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்கிறான்.

"கல்லு இங்கயே இருக்கட்டும் கேப்டன்," என்கிறேன். என் குரல் எனக்கே நிதானமாகக் கேட்கிறது. "ஒட்டவச்சுக் குடுத்துர்றோம். நீங்க வழக்கம்போல வாங்க, மாலை போடுங்க, ஊதுங்க, சல்யூட் அடிங்க. உள்ள எங்கம்மா இருப்பா. அதெல்லாம் அவளுக்கும் சேர வேண்டியதுதான்." சந்தியாகு யாரையும் பார்க்காமல் துணியின் நாலு முனையையும் சேர்த்து முடிந்து மேலே நீட்டுகிறான். நான் வாங்கிக்கொள்கிறேன். உள்ளே ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கிறது, கனமே இல்லை. இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத்தான் பிடித்திருக்கிறேன், வேறு எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. "பொத்தானையெல்லாம் பொறுக்கிரு சந்தியாகு. எங்கம்மா வர்றதுக்குள்ள உள்ள ஒண்ணும் கெடக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கிணற்றை நோக்கி நடக்கிறேன்.